நல்லாத்தானே பேசுறே

1

போன மாதம் என் மகனுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தலைமை ஆசிரியை, சிறப்பு ஆசிரியை, நகராட்சியிலிருந்து வந்த ஓர் அம்மாள், என் கணவர், நான் என எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கூட்டத்தை நடத்தியவன் என் மகன் கவின். வயது பதினான்கு. ஊரில் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முன்பு ஒரு தடவை சொன்னபோது என் தம்பி, "அப்ப ஹெட்மாஸ்டர் என்னக்கா பண்ணுவாரு, டீ வாங்கிட்டு வருவாரா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான். பிஸ்கட் தட்டை ஒவ்வொருவர் பக்கமாக நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தது தலைமை ஆசிரியைதான்.

கவினுக்கு எழுத்துகள் கலங்கும். வாசிக்க உட்கார்ந்தால் வரி தவறும், சொல் தவறும், அப்புறம் பொறுமை தவறும். மற்றபடி கெட்டிக்காரன். இங்கே இங்கிலாந்தில் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இப்படி ஒரு கூட்டம் போட்டு, என்ன உதவி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் நாங்கள் பேசுவோம். இப்போது அவனே பேசுகிறான். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் பாடத்தைக் கவனிக்க முடியவில்லை, அதனால் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். முன்கூட்டிச் சொல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது என்றான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

கடைசியாக, "சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு இனிமேல் போகப்போவதில்லை. இன்னொரு எழுத்தையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான். குரலில் கோபமே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறொரு பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு 'உனக்கு என்ன வேண்டுமோ அதை நீயே கேள்' என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம். இதைத்தான் ஊரில் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவன் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். எனக்குப் பாண்டிச்செல்வி ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான் பேசினாள். இவனைவிட நன்றாகவே பேசினாள்.

2

நான் திருமயம் பக்கத்துக்காரி. புதுக்கோட்டையில் பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் மாரடித்துவிட்டு, கல்யாணமாகி லீட்ஸுக்கு வந்தவள். போன ஆண்டு கோடை விடுமுறையில் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருந்தேன். என்னோடு பி.எட். படித்த புவனேஸ்வரி அன்னவாசல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு நாள் போன் பண்ணினாள்.

"ஏடி, எங்க டீச்சர்களுக்கு ஒரு நாள் ட்ரெய்னிங் இருக்கு. கற்றல் குறைபாடு உள்ள புள்ளைகளப் பத்தி. பேச வாரதா இருந்தவருக்கு ஒடம்பு முடியலையாம். நீ அங்கிட்டு இதத்தான பாக்குற, வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போயேன்."

போனேன். நீளமான கூடம், தலைக்கு மேலே சத்தம் மட்டும் போடும் மின்விசிறிகள், கையெழுத்துப் போட்டதும் கடைசி வரிசையைத் தேடிப்போகும் ஆசிரியர்கள். இடைவேளையில் டீ கொடுத்த அம்மாவுக்கு இங்கிலாந்துப் பழக்கத்தில் நன்றி சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய், "ஏம்மா, சக்கரை பத்தலையா?" என்று கேட்டார்.

நான் சொன்ன விஷயம் எளிமையானது. படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நாம் உதவுவது பாதி வேலைதான். தனக்கு எது முடிகிறது, எது முடியவில்லை, எது கிடைத்தால் முடியும் என்று அந்தப் பிள்ளையே வாய்விட்டுச் சொல்லப் பழக்குவது மீதிப் பாதி. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொல்லத் திணறி, 'தனக்காகத் தானே பேசுவது' என்றேன். முன் வரிசையில் இருந்த ஒரு தமிழாசிரியர் எழுந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. அதுக்கு நம்ம ஊர்ல ஏற்கெனவே பேரு இருக்கு. வாயாடின்னு சொல்லுவாங்க."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னாலிருந்து ஒரு டீச்சர் எழுந்திருக்காமலே சொன்னார்: "எங்க ஸ்டாஃப் பாத்ரூம்ல தண்ணி வரலைன்னு கேக்க எங்களுக்கே தைரியமில்ல. இதுல புள்ளைக எந்திரிச்சுக் கேக்கணுங்கிறீங்க." அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சரி, பேசிப் பார்ப்போம் என்று ஒரு பயிற்சி வைத்தேன். நான் தலைமை ஆசிரியர். நீங்கள் படிக்க முடியாத பிள்ளை. வந்து உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். உடம்பு தானாக வளைந்தது. கை வாயருகே போனது. 'மன்னிச்சுக்கங்க சார்' என்றுதான் ஆரம்பித்தார்கள். இருபது வருடம் வகுப்பை அதட்டி வேலை பார்த்தவர்கள், கேட்க வேண்டும் என்று வந்தவுடன் குறுகிப்போனார்கள். பாடம் முடிந்ததும் 'புரிஞ்சுச்சா?' என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் 'புரிஞ்சுச்சு டீச்சர்' என்று ராகம் போடுமே, அதே வகுப்புகளில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்.

கடைசியாகப் புவனா வந்தாள். என் முன்னால் நேராக நின்றாள். "சார், எனக்குக் கணக்கு தெரியும். கேள்வியத்தான் படிக்க முடியல. யாராச்சும் படிச்சுக் காட்டினா போட்டுருவேன்" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில், இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்காடி. பத்தாவது. இத மட்டும் சொல்லத் தெரியாம மத்த எல்லாம் பேசுவா" என்றாள்.

3

அந்த ஒருத்திதான் பாண்டிச்செல்வி.

ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அப்பா சவுதியில் லாரி ஓட்டுகிறார். அம்மா அழகம்மாள் இரண்டு மாடு வைத்துக்கொண்டு கூலி வேலைக்கும் போகிறார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் பாண்டிச்செல்விதான். வெளியூர்ப் போட்டிகளுக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள், கோப்பையோடு வருவாள். ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. உடன் படிக்கும் பிள்ளை வாசிக்க, காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வாள். இரண்டு முறை கேட்டால் போதும். பேச்சு மட்டுமல்ல, வரலாறு, அறிவியல் எல்லாமே அப்படித்தான் உள்ளே போயிருந்தன. உள்ளே போனது தாளில் வெளியே வராது, அவ்வளவுதான்.

வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி வரும். தண்ணீர் குடிக்கப் போவாள். சிரிப்புக் காட்டிப் பேச்சை மாற்றுவாள். ஒன்றும் பலிக்காவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஆசிரியர்கள் அறையில் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான்: "மேடையில மைக்க ஒடைக்கிறா, புத்தகத்தத் தொறந்தா மட்டும் நோவு வந்துருது. திமிரு." ஊமையாக ஒரு மூலையில் இருந்திருந்தால் பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள்.

புவனா விட்டேனா பார் என்று இறங்கிவிட்டாள். தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகினார்கள். நானும் சில நாள் போனேன். முதலில் அவள் எங்களையே மேடைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர்களாக நினைத்துக்கொண்டு கையை நீட்டி முழங்கினாள். "அது பேச்சு. இது கேக்குறது. சத்தம் கொறைச்சு, என்னைப் பாத்துச் சொல்லு" என்பாள் புவனா.

அறிவியல் வகுப்பில்தான் முதல் தடவை சொன்னாள். "சார், எனக்கு எழுத்து கலங்குது. கேள்விய வாயால கேட்டா பதில் சொல்லிருவேன்." அவர், "ஓகோ, மகாராணிக்கு வாசிச்சுக் காட்டணுமோ" என்றாராம். ஆனாலும் கேட்டிருக்கிறார். கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். மறுநாளிலிருந்து அவரே அவளிடம் வாயால் கேட்க ஆரம்பித்துவிட்டார். புவனா எனக்குப் போன் பண்ணி இதைச் சொன்னபோது அழுதாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. லீட்ஸில் வருடக்கணக்கில் செய்கிற வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

ஆனால் பொதுத்தேர்வை வாயால் எழுத முடியாது. கேள்வியைப் படித்துக் காட்டி, சொல்வதை எழுத ஓர் ஆள் வேண்டும். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது, சான்றிதழ் இருந்தால். தலைமை ஆசிரியர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "நூறு பெர்சென்ட் காட்டணும்னு மேல இருந்து உயிரெடுக்குறாங்க டீச்சர். இவ ஃபெயிலானா எனக்கும்தான் கேடு. சர்ட்டிபிகேட்டக் கொண்டாங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

4

என் விடுமுறையின் கடைசி வாரத்தில் சான்றிதழ் முகாம் வந்தது. எந்த ஊர், எந்த முகாம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரு பள்ளி வளாகம். காலையிலேயே ஜனங்கள் மரத்தடி நிழலையெல்லாம் பிடித்துவிட்டார்கள். தூக்கிவரப்பட்ட பிள்ளைகள், சக்கர நாற்காலிகள், ஜெராக்ஸ் எடுக்க ஓடும் அப்பாக்கள். பாண்டிச்செல்வி சீருடையைத் தேய்த்துப் போட்டு, சடையில் ரிப்பன் கட்டி, அம்மா அழகம்மாளோடு வந்திருந்தாள். வரிசையில் நிற்கும்போதே உதடு அசைந்துகொண்டிருந்தது. சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை. தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். டாக்டர் அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

பாண்டிச்செல்வி வணக்கம் சொல்லிவிட்டு நேராக உட்கார்ந்தாள். "சார், எனக்குப் படிக்கிறதுல பிரச்சனை இருக்கு. எழுத்து எடம் மாறுது. காதால கேட்டா புரியும், நெனவுல நிக்கும். பதிலும் வாயால சொல்லிருவேன். பரீட்சையில கேள்விய வாசிச்சுக் காட்டவும் எழுதவும் ஒரு ஆள் குடுத்தா என்னால பாஸ் பண்ண முடியும்."

இதைவிட அழகாக என் மகன்கூடச் சொன்னதில்லை. எந்த ஊர்ப் பயிற்சிப் புத்தகத்திலும் அப்படியே அச்சடித்துப் போடலாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தானே பேசுறே. ஒனக்கு என்னம்மா கொறை?"

அவள் திரும்பவும் சொன்னாள், இன்னும் தெளிவாக. அவர் மேசையில் கிடந்த செய்தித்தாளைத் தள்ளி, தலைப்பைப் படிக்கச் சொன்னார். பக்கத்தில் அணைக்கட்டின் படம் இருந்தது. 'அணை' என்றாள், 'தண்ணீர்' என்றாள். மற்றதை அவளே இட்டுக்கட்டிக் கோர்வையாக முடித்தாள். படிக்கத் தெரியாதவள், பத்து வருடமாக இப்படித்தானே தப்பித்து வந்திருக்கிறாள். "படிக்கிறியே" என்றார் அவர்.

நான் குறுக்கே போய் ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். இந்தக் குறையே அறிவுள்ள பிள்ளைக்கு வருவதுதான் என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "மேடம், அங்கிட்டுப் பாருங்க. எந்திரிச்சு ஒக்கார முடியாத புள்ளைக வெயில்ல கெடக்குது. மேடையில பேசுற மாதிரிப் பேசுற புள்ளைக்கு நான் எழுதிக்குடுத்தா என்னைக் கேள்வி கேப்பாங்க. நல்லாப் படிக்கச் சொல்லுங்க." கெட்ட மனிதர் இல்லை. மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அழகம்மாள்தான் கடைசியில் சொன்னார்: "அந்தப் புள்ளை மாதிரி இவளும் பேசாம இருந்திருந்தா குடுத்திருப்பாங்க டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது.

5

லீட்ஸுக்குத் திரும்பிவிட்டேன். மழை, சீக்கிரம் இருட்டிவிடும் சாயங்காலங்கள், கவினின் சாப்பாட்டு டப்பா. பள்ளிக்கூடத்தில் என் பொறுப்பிலுள்ள பிள்ளைகளின் மேசையில் சின்ன அட்டைகள் இருக்கும். 'எனக்குப் புரியவில்லை', 'எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்' என்றெல்லாம் எழுதியிருக்கும். பேச வாய் வராத பிள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், ஆசிரியர் நின்றுவிடுவார். ஒவ்வொரு அட்டை மேலே எழும்போதும் எனக்கு அந்த டாக்டரின் சிரிப்பு ஞாபகம் வரும்.

குளிர்காலத்தில் ஒரு நாள் மத்தியான இடைவேளையில் புவனாவின் குரல்பதிவு வந்தது. இரண்டாவது முகாம் அறிவித்திருக்கிறார்களாம், வேறு ஊரில். பாண்டிச்செல்வியே ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள்.

"இந்தத் தடவ நான் பேசல டீச்சர்னு சொல்றாடி. 'அம்மா பேசட்டும். நான் அந்தப் புள்ளை மாதிரி தலையத் தொங்கப்போட்டு ஒக்காந்துக்கிறேன். பேசாம இருக்குறதும் ஒரு போட்டின்னு நெனச்சுக்கிறேன், பிரைஸ் வாங்கிட்டு வாரேன் பாருங்க'ங்கிறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்கு மனசு ஒப்பலடி. ஆனா வேற வழியும் தெரியல. நீ என்ன சொல்ற?"

கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய் நின்று யோசித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருந்தது? வேண்டாம் என்றால் அவள் தேறமாட்டாள். பத்தாவது தேறாவிட்டால் அடுத்து மில் வேலை, அடுத்து கல்யாணம். அவள் தெருவிலேயே அதற்கு உதாரணங்கள் இருந்தன. "அவ வாழ்க்கை, அவதானே முடிவெடுக்கணும். அதத்தானே சொல்லிக்குடுத்தோம்" என்று பதில் அனுப்பினேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அவள் சொன்னபடியே செய்தாள். புவனாதான் கூடப் போனாள். சடையைச் சரியாகப் பின்னாமல், பழைய சுடிதாரில் வந்தாளாம். பெயரைக் கேட்டதற்கு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாளாம். விரலை எண்ணச் சொன்னார்கள், பாதியில் நின்றுவிட்டாள். கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். கீழ் உதட்டைத் தொங்கவிட்டிருந்தாளாம். "எனக்கே ஒரு நிமிஷம் பயமாயிருச்சுடி. இது நம்ம பாண்டிச்செல்விதானான்னு" என்றாள் புவனா.

சான்றிதழ் கிடைத்தது. அதில் கற்றல் குறைபாடு என்று இல்லை. அறிவுசார் குறைபாடு என்று இருந்தது. படிப்பதில் மட்டும் சிரமம் என்று கேட்கப் போனவர்களுக்கு, புத்தியே குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதியவர்கள் மேல் என்ன தப்பு? கண்ணால் கண்டதைத்தானே எழுதினார்கள்.

திருத்திக் கேட்கலாமா என்று புவனா யோசித்தாள். தலைமை ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். "எதுவா இருந்தா என்ன டீச்சர், ஆள் குடுத்துருவாங்க. கெளறாதீங்க." அழகம்மாளும் அதையேதான் சொன்னார். பரீட்சைக்கு ஆள் கொடுத்தார்கள். பாண்டிச்செல்வி எல்லாப் பாடத்திலும் தேறினாள். அறிவியலில் வகுப்பிலேயே அவள்தான் முதல். பள்ளிக்கு நூறு சதவீதம். தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார் என்று புவனா படம் அனுப்பினாள். படத்தில் பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

6

இங்கே எல்லாம் ஒழுங்கு, அங்கே எல்லாம் கோணல் என்று எழுத எனக்கு ஆசையில்லை. இங்கேயும் நன்றாகப் பேசத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு முதலில் கிடைக்கும். மற்ற பிள்ளைகள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். இங்கே பேசினால் கிடைக்கிறது, அங்கே பேசாவிட்டால் கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் கொடுப்பவர் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாரோ அதைத்தான் பிள்ளை காட்ட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் புவனா பயிற்சி கொடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. யோசிக்க யோசிக்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கவின் சனிக்கிழமைகளில் இப்போது கால்பந்து ஆடப் போகிறான். தமிழில் என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது. கேட்டால், "இங்கிலீஷ்ல சொன்னாத்தான் நான் சொல்ல நினைக்கிறது சரியா வருதும்மா" என்கிறான். அதையும் தெளிவாகத்தான் சொல்கிறான்.

7

இந்த ஆகஸ்டில் அப்பாவின் இன்னொரு கண்ணுக்காக ஊருக்குப் போனேன். புவனா அழைத்துப்போகாமலே பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனேன். அன்னவாசலிலிருந்து டவுன் பஸ், இறங்கினால் கொஞ்ச தூரம் நடை.

பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள், பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில். கேட்ட பாடப்பிரிவு கிடைக்கவில்லை. சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு எதுக்குச் சிரமம், ஈசியான குரூப்புல ஒக்காந்துட்டுப் போகட்டும்" என்று பரிவாகச் சொன்னார்களாம். கடைசி பெஞ்ச். அவளை யாரும் திட்டுவதில்லை, அடிப்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. வீட்டுப்பாடம் பார்க்கும்போது அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள்.

சுதந்திர தினப் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். வகுப்பு டீச்சர் அழகம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினாராம். அழகம்மாள் என்னிடம் சொன்னார்:

"இப்படி சர்ட்டிபிகேட் வச்சிருக்கிற புள்ளை மேடையேறிப் பேசுனா, எவனாச்சும் போலின்னு எழுதிப் போட்டுருவான்னாங்க டீச்சர். அப்புறம் பன்னெண்டாவதுக்கு ஆளும் கெடைக்காது, பத்தாவது பாஸானதையே கேள்வி கேப்பாகளாம். அவுக நல்லதுக்குத்தான் சொல்றாக. நான்தான் இவகிட்ட, பன்னெண்டு முடியிற வரைக்கும் வெளிய எங்கிட்டும் வாயத் தொறக்காத ஆத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வருஷம்தானே."

பாண்டிச்செல்வி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். நன்றாக உயர்ந்துவிட்டாள். வீட்டுக்குள் பழைய பாண்டிச்செல்விதான். வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கோயில் திருவிழாவுக்கு வந்த மைக் செட்டுக்காரர் அறிவிப்புச் செய்த கதையைச் சொன்னாள். அவருடைய இருமல், அவருடைய 'ஹலோ ஹலோ', நடுவில் அவர் பெண்டாட்டி போன் பண்ணி அது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது, எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்துக் காட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. என்னதான் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளை பிள்ளையாகத்தான் இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தது.

"அப்ப அந்த ஆளு என்ன பண்ணாரு தெரியுமா டீச்சர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தெருவில் ஒருவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவள் படிக்கும் பள்ளியில் அலுவலக உதவியாளராம், அந்த ஊர்க்காரர். அழகம்மாளிடம் வைக்கோல் விஷயமாக ஏதோ கேட்க வந்திருந்தார்.

பாண்டிச்செல்வியின் முகம் மாறியது. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண் தரைக்குப் போனது. கீழ் உதடு தளர்ந்தது. தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கின. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நொடியில் என் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன ஆத்தா, சாப்புட்டியா?" என்று கேட்டு அவர் அவள் தலையைத் தடவினார். பதில் வராது என்று தெரிந்தே கேட்டார். என்னிடம் திரும்பி, "பாவம், சாதுவான புள்ளைங்க. இருக்குற எடமே தெரியாது" என்றார். வைக்கோல் கணக்கைப் பேசிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சிரித்தபடி, "சரி சொல்லு, அந்த மைக் செட்டுக்காரர் என்ன பண்ணாரு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாய் லேசாக அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி தரையைப் பார்த்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். "பாண்டிச்செல்வி, அவர் போயிட்டாரும்மா" என்றேன்.

அழகம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வாளியை எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகும் டீச்சர். இப்பல்லாம் அப்படித்தான். தானா வந்துரும். நீங்க டீயக் குடிங்க."

டீயைக் குடித்து முடித்தேன். டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து, போய்வருகிறேன் என்று சொன்னேன். அழகம்மாள்தான் சரிங்க என்றார். பாண்டிச்செல்வி இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.